விலையுயர்ந்த மடக்குக் கத்திக்கு உதிரிபாகம் கேட்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

500 டாலரை ஒட்டிய விலைக்கு வாங்கிய மடக்குக் கத்தியில், அதைப் பையில் மாட்டிவைக்க உதவும் கிளிப்பைப் பிடித்திருக்கும் சிறு திருகு ஒன்று கழன்று எங்கோ விழுந்துவிட்டால், உரிமையாளர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கிறார்கள். இவ்வளவு பணம் வாங்கியவர்கள் ஒரு திருகை இலவசமாக, அதுவும் நாளைக்கே அனுப்பக் கூடாதா என்று சீறுபவர்கள் ஒரு வகை. ஒரு திருகுக்காகக் கத்தி முழுவதையும் அனுப்பச் சொல்லி மாதக்கணக்கில் காக்க வைப்பார்களோ என்று அஞ்சி, கடையில் கிடைத்த ஏதோ ஒரு திருகை முறுக்கி மரையைக் கெடுத்துக்கொள்பவர்கள் மற்றொரு வகை. இரு தரப்பினரும் உற்பத்தியாளரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ளாமலேயே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

விலை அதிகம் என்பதற்காக எல்லாம் இலவசமாகக் கிடைத்துவிடாது; எல்லாம் விரைவாகவும் நடந்துவிடாது. அந்தக் கத்தியைச் செய்த பட்டறையில் அதே பாகத்தைச் செய்யவும், உங்கள் கத்திக்கு ஏற்ப அளந்து பொருத்தவும் தெரிந்த ஒருவர் இன்னும் வேலையில் இருக்கிறார் என்ற உறுதிக்குத்தான் அந்தக் கூடுதல் பணத்தின் பெரும்பகுதி போகிறது. அந்த உறுதியைப் பயன்படுத்திக்கொள்ளும் வழிமுறை கீழே இருக்கிறது. இத்தகைய கத்திகளைச் செய்யும் நிறுவனங்களில் நன்கு அறியப்பட்டவை பலவும் அமெரிக்காவில் இருப்பதால், எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன.

முதல் படி: போனது எந்த வகைப் பாகம் என்று தீர்மானியுங்கள்

மற்ற எல்லாமே இதைப் பொறுத்தது என்பதால் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். மடக்குக் கத்தியின் பாகங்களில் ஒரு பகுதி, கழற்றினால் வந்துவிடும், மாட்டினால் பொருந்திவிடும். கிளிப், கிளிப் திருகுகள், கைப்பிடித் தகடுகளைப் பிணைக்கும் திருகுகள், அத்தகடுகளுக்கு நடுவே நிற்கும் சிறு தூண்கள், பல கத்திகளில் வாஷர்கள் ஆகியவை இந்த வகை. ஒரே அளவில் மொத்தமாகச் செய்யப்படுபவை என்பதால், அதே மாடலைச் சேர்ந்த எந்தக் கத்தியிலும் இவை உட்கார்ந்துவிடும்.

அடுத்த பகுதி, ஒவ்வொரு கத்திக்கும் தனித்தனியாக இழைத்துப் பொருத்தப்படுவது. அலகு, பூட்டுப் பட்டை, திறந்த அலகு வந்து முட்டி நிற்கும் முளை, மூடிய நிலையில் அலகைப் பிடித்துவைக்கும் சிறு குண்டு ஆகியவை இதில் அடங்கும். ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் இயங்கும் கிறிஸ் ரீவ் நிறுவனத்தின் செபென்சா கத்தியை எடுத்துக்கொள்வோம். அதன் டைட்டேனியம் கைப்பிடியிலேயே ஒரு பட்டை வெட்டப்பட்டு, உள்நோக்கி வில்லாக வளைக்கப்பட்டிருக்கும். அலகைத் திறந்ததும் அந்தப் பட்டையின் நுனி, அலகின் அடிப்பகுதியில் சாய்வாக இழைக்கப்பட்ட முகத்தின் மீது ஏறிப் பூட்டிக்கொள்ளும். நுனி அந்தச் சாய்வில் எவ்வளவு தூரம் ஏறி நிற்க வேண்டும் என்பது மிக நுண்ணிய அளவு. போதுமான அளவு ஏறாவிட்டால் பூட்டு வழுக்கி விரலின் மீது மடங்கும் அபாயம் உண்டு. அளவுக்கு மீறி ஏறினால் அலகு மேலும் கீழும் ஆட்டம் காணும். செபென்சா 31 மாடலில் பட்டையின் நுனியில் ஒரு செராமிக் குண்டு பதிக்கப்பட்டு, அதுதான் அலகைத் தொடுகிறது. இப்படிப்பட்ட கத்தியில் வேறொரு கைப்பிடிக்காக இழைத்த அலகைக் கொண்டுவந்து மாட்டினால் அது திறக்கும், மூடும், பார்வைக்குச் சரியாகவும் இருக்கும்; பூட்டை மட்டும் நம்ப முடியாது. "அலகை மட்டும் அனுப்புங்கள், நானே மாட்டிக்கொள்கிறேன்" என்ற கோரிக்கையை இத்தகைய நிறுவனங்கள் மறுப்பதற்குக் காரணம் இதுதான். அதை வணிகத் தந்திரமாகக் காண்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பாகங்களும் சில உண்டு. ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த பெஞ்ச்மேட் நிறுவனத்தின் ஆக்சிஸ் பூட்டில், குறுக்கே ஓடும் ஒரு எஃகுத் தண்டை முன்னோக்கித் தள்ளிவைப்பதற்கு, கைப்பிடியின் இருபுறமும் மெல்லிய கம்பியாலான ஒமேகா ஸ்பிரிங் ஒவ்வொன்று இருக்கிறது. நீண்ட நாள் பயன்பாட்டில் இவற்றில் ஒன்று முறிவது உண்டு. மற்றொன்று வேலை செய்துகொண்டே இருப்பதால், முறிந்ததைப் பலர் கவனிப்பதே இல்லை. தண்டு ஒரு பக்கம் தளர்ந்து கிடப்பதை விரலால் தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். அந்த ஸ்பிரிங் மலிவானது, அளந்து பொருத்த வேண்டியதும் அல்ல. ஆனால் கைப்பிடியைப் பிரித்தால்தான் அதை மாற்ற முடியும் என்பதால், கத்தியை அனுப்பச் சொல்லித் தாங்களே மாற்றித் தருவதையே நிறுவனம் விரும்பும். டைட்டேனியம் பூட்டுகளின் நுனியில் திருகால் பிணைக்கப்படும் எஃகுத் துண்டும் இதே இடைப்பட்ட வகைதான்: தேய்ந்தால் மாற்றலாம், ஆனால் மாற்றிய பிறகு பூட்டு எங்கே நிற்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் பார்த்தாக வேண்டும்.

ஆக, முதல் வகைப் பாகத்தை உங்கள் வீட்டுக்கே அனுப்பச் சொல்லிக் கேட்பது நியாயம். இரண்டாம் வகைக்குக் கத்தியை அனுப்பத் தயாராக இருங்கள். இடைப்பட்டதற்குக் கேட்டுப் பாருங்கள். எந்தப் பதில் வந்தாலும் வியக்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: உத்தரவாதத்தைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

"வாழ்நாள் உத்தரவாதம்" என்று பெட்டியின் மீது அச்சிட்டிருப்பதைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிடுகிறது. ஆனால் அது ஏறக்குறைய எல்லா நிறுவனங்களிலும் மூலப்பொருளிலும் தயாரிப்பிலும் உள்ள குறைகளுக்கு மட்டுமே பொருந்தும். தேய்மானம், துரு, தொலைந்துபோன பாகம், கத்தியை நெம்புகோலாகப் பயன்படுத்தியதால் முறிந்த நுனி ஆகியவை அதற்குள் வராது. தொலைந்த திருகை ஒரு நிறுவனம் கட்டணமின்றி அனுப்பினால் அது நல்லெண்ணத்தால் செய்யப்படுவது. அதை உரிமையாக எண்ணி எழுதப்படும் மின்னஞ்சலின் தொனியே வேறாகிவிடும். முதல் உரிமையாளருக்கு மட்டும்தானா, அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்கியிருக்க வேண்டுமா என்ற இரண்டு நிபந்தனைகளையும் தேடிப் படியுங்கள். இரண்டாம் கையில் வாங்கியவர்களுக்கு இவை முக்கியம்.

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டம், எழுத்து வடிவில் தரப்படும் உத்தரவாதங்களை நெறிப்படுத்துகிறது. அது முழுமையானதா, வரையறுக்கப்பட்டதா என்று நிறுவனம் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். கத்தி உற்பத்தியாளர்களின் உத்தரவாதங்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையே. தன் பெயர் பொறித்த உதிரிபாகத்தையோ பழுதுநீக்கும் சேவையையோ கட்டணம் கொடுத்துப் பயன்படுத்தினால்தான் உத்தரவாதம் செல்லும் என்று ஒரு நிறுவனம் நிபந்தனை விதிக்க இச்சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. 2018ஆம் ஆண்டு ஏப்ரலில், இத்தகைய நிபந்தனைகளை விதித்திருந்த 6 நிறுவனங்களுக்கு அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் எச்சரிக்கைக் கடிதங்களை அனுப்பியது. ஆனால் இதைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. நீங்கள் கத்தியைப் பிரித்ததால்தான் அந்தக் கோளாறு ஏற்பட்டது என்று நிறுவனம் காட்ட முடிந்தால், அந்தக் கோளாற்றுக்கு அது பொறுப்பேற்க வேண்டியதில்லை. மழுங்கிப்போன திருகுத் தலையும் வளைந்த வாஷரும் அதற்குப் போதுமான சாட்சிகள்.

பிரிட்டனில் வாங்கியவர்களுக்கு நிலைமை வேறு. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி முதல் பொறுப்பு விற்றவருடையது. குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம், அதன் பிறகு பழுது நீக்கத்தையோ மாற்றுப் பொருளையோ கோரலாம். ஆகவே புதிய கத்தியில் குறை கண்டால், கடல் கடந்து உற்பத்தியாளருக்கு எழுதுவதற்கு முன் கடைக்காரருக்கு எழுதுங்கள்.

மூன்றாம் படி: உங்கள் நிறுவனத்தின் வழக்கத்தை அறியுங்கள்

ஒரே விலையில் விற்கும் இரண்டு கத்திகளுக்குப் பின்னால் முற்றிலும் வேறுபட்ட சேவை முறைகள் இருக்கலாம். கிறிஸ் ரீவ் நிறுவனம், உரிமையாளரே கத்தியைப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு வடிவமைத்து, அதற்கான கருவியையும் பெட்டியிலேயே வைத்துத் தருகிறது. அலகு மாற்றுவது என்றால் மட்டும் கத்தி பாய்சிக்குப் போயாக வேண்டும். முதல் படியில் சொன்ன பொது வழக்கத்துக்கு விதிவிலக்காக, ஒஹாயோ மாநிலத்தின் ஹிண்டரர் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே சென்று, எக்ஸ்எம்-18 மாடலுக்கான அலகுகள், கைப்பிடித் தகடுகள், தூண்கள், திருகுகள் என்று பலவற்றையும் தனித்தனியாக விற்கிறது. அந்த மாடலில் அலகு சுழலும் அச்சு தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருப்பதால், வாங்குவதற்கு முன் உங்கள் கத்தி எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கொலராடோ மாநிலத்தின் கோல்டன் நகரில் உள்ள ஸ்பைடெர்கோவோ மாற்று அலகுகளை வழங்குவதில்லை. அலகு முறிந்தால் புதிய கத்தி வாங்குவதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கும். பெஞ்ச்மேட் நிறுவனம், லைஃப்ஷார்ப் என்ற பெயரில் கத்தியைச் சுத்தம் செய்து, சரிசெய்து, தீட்டித் தருகிறது. முறிந்த அலகைக் கட்டணத்துக்கு மாற்றித் தரும் வழக்கமும் அதற்கு உண்டு.

இந்த வழக்கங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. நண்பர் சொன்னதையும் பழைய அனுபவங்களையும் நம்பாமல், அனுப்பும் நாளில் நிறுவனத்தின் உத்தரவாதப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

வேறு ஒருவரின் வடிவமைப்பை ஒப்பந்தத்தின் பேரில் செய்து தரும் தொழிற்சாலைகளிலிருந்து வரும் கத்திகளுக்குத் தனி எச்சரிக்கை தேவை. சீனாவின் யாங்ஜியாங், இத்தாலியின் மனியாகோ, ஜப்பானின் செக்கி ஆகிய கத்தித் தொழில் நகரங்களில் இப்படிச் செய்யப்படும் கத்திகள் தரத்தில் எதற்கும் குறைந்தவை அல்ல. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: இத்தனை கத்திகள் என்று எண்ணிக்கை பேசி ஒரு தொகுதி செய்து முடித்ததும் தொழிற்சாலை அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. பெட்டியின் மீது பெயர் உள்ள நிறுவனத்தின் கையில் மிச்சம் இருப்பது சில கிளிப்களும் ஒரு டப்பா திருகுகளும் மட்டுமே. அலகு வேண்டும் என்று கேட்டால், கொடுக்க மனமிருந்தும் அவர்களிடம் பொருள் இருக்காது.

நான்காம் படி: பிரிப்பதற்கு முன் நிறுத்துங்கள்

பாகம் உடைந்ததும் கைகள் தாமாகவே நட்சத்திர முனையுள்ள திருப்புளியான ஸ்டார் பிட்டைத் தேடும். பொறுங்கள். இத்தகைய கத்திகளின் சிறு திருகுகள் பெரும்பாலும் டி6, டி8 என்ற நட்சத்திரத் தலை அளவுகளில் இருக்கும்; தொழிற்சாலையில் அவற்றின் மரையில் பசை இட்டிருப்பார்கள். மலிவான பிட்டால் அழுத்தம் கொடுக்காமல் திருப்பினால் தலை மழுங்கிவிடும். அதன் பிறகு ஒரு கிளிப்பாக இருந்த பிரச்சினை இரண்டு பிரச்சினைகளாகிவிடும். பிரித்தே ஆக வேண்டிய சூழலில், சாலிடரிங் இரும்பின் நுனியைத் திருகின் தலையில் சிறிது நேரம் வைத்துச் சூடாக்கினால் பசை இளகும். திரும்பப் பூட்டும்போது, கைக்கருவியால் கழற்றக்கூடிய நீல நிறப் பசையே போதும். சிவப்புப் பசையைத் தொடாதீர்கள்.

ஐந்தாம் படி: ஒரே மின்னஞ்சலில் எல்லாவற்றையும் சொல்லுங்கள்

பழுதுநீக்கும் பிரிவில் அமர்ந்திருப்பவர் உங்கள் கத்தியைப் பார்த்ததில்லை. அவருக்கு முதலில் தேவைப்படுவது மாடலின் முழுப் பெயர், அளவு, வரிசை எண் இருந்தால் அது, செய்யப்பட்ட தேதி உள்ள அட்டை இருந்தால் அதன் படம். அடுத்து, எங்கே, எப்போது வாங்கினீர்கள் என்பதும் ரசீதின் நகலும். பிறகு பாகத்தைப் பற்றி எழுதுங்கள்: எந்தப் பாகம், எந்தப் பக்கம், என்ன ஆனது. பெயர் தெரியாவிட்டால் கலங்க வேண்டியதில்லை; கத்தியின் இருபுறத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, அந்த இடத்தை ஒரு வட்டமிட்டுக் காட்டினால் எந்தக் கலைச்சொல்லையும்விடத் தெளிவாக இருக்கும். பூட்டில் கோளாறு என்றால், திறந்த நிலையில் பூட்டுப் பட்டை அலகின் அடியில் எங்கே நிற்கிறது என்பதை நேர் மேலிருந்து எடுத்த படம் கட்டாயம் வேண்டும்.

எப்படி உடைந்தது என்பதை உள்ளபடி எழுதுங்கள். பெயின்ட் டப்பாவை நெம்பியதால் போன நுனி, "ஆப்பிள் நறுக்கும்போது முறிந்தது" என்று வரும் கடிதங்களைப் பழுதுநீக்குபவர்கள் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறார்கள். முறிந்த முகத்தைப் பார்த்தாலே பக்கவாட்டு அழுத்தத்தால் போனதா, எஃகின் உள்ளே இருந்த விரிசலால் போனதா என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். தவறு உங்களுடையது என்று ஒப்புக்கொண்டு, ஆகும் செலவைச் செலுத்துகிறேன் என்று எழுதுபவருக்கு, சில சமயம் செலவே இல்லாமல் வேலை முடிந்துவிடுகிறது. உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் பொய்யைவிட இது லாபகரமான வழி.

கடைசியாக, உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் கேளுங்கள்: திருகை அனுப்ப முடியுமா, அல்லது கத்தியை அனுப்ப வேண்டுமா, அனுப்பினால் உத்தேசமாக எவ்வளவு செலவாகும், எத்தனை வாரமாகும்.

ஆறாம் படி: எவ்வளவு காலம் காத்திருப்பது?

பெரிய நிறுவனம் என்றால் மூன்று நான்கு வேலை நாட்களுக்குள் முதல் பதிலை எதிர்பார்ப்பது சரி. ஐந்தாறு பேர் மட்டும் வேலை செய்யும் சிறு பட்டறைக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அங்கே மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுபவரும் அலகைத் தீட்டுபவரும் ஒருவராகவே இருக்கக்கூடும். கத்தியை அனுப்பினால் சில வாரங்கள் ஆகும். கிறிஸ்துமஸ் விற்பனையை ஒட்டிய நாட்களில் இன்னும் கூடும். தினமும் ஒரு நினைவூட்டல் அனுப்புவதால் வரிசையில் முன்னேற முடியாது. ஆனால் சொன்ன காலக்கெடு கடந்த பிறகும் எந்தத் தகவலும் இல்லையென்றால், பழைய மின்னஞ்சல் தொடரிலேயே, உங்கள் கோரிக்கைக்கு நிறுவனம் தந்த பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, நாகரிகமாக, உறுதியாக எழுதுவது உங்கள் உரிமை. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்; கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஏழாம் படி: அனுப்பும்போது

கத்தியைத் துடைத்து, மூடி, திறந்துவிடாதபடி ஒரு ரப்பர் பட்டையைச் சுற்றுங்கள். வேறு நிறுவனத்தின் கைப்பிடித் தகடுகளோ அலங்காரத் திருகுகளோ மாட்டியிருந்தால், அவற்றைக் கழற்றி அசல் பாகங்களைப் பொருத்திய பிறகே அனுப்புங்கள். இல்லாவிட்டால் கத்தி வேலை பார்க்கப்படாமலேயே திரும்பி வரலாம். நீங்களே பொறுமையாகத் தீட்டி வைத்த முனையை எந்திரத்தில் தீட்டக் கூடாது என்றால், "அலகைத் தீட்ட வேண்டாம்" என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி உள்ளே வையுங்கள். மின்னஞ்சலில் எழுதியது பட்டறை மேசை வரை போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. காப்பீடும் தடமறியும் எண்ணும் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

பொத்தானை அழுத்தினால் தானே திறக்கும் கத்திகளுக்கு வேறு விதி. அமெரிக்காவில் தனிநபர்கள் இவற்றை அரசுத் தபாலில் அனுப்பக் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருவதில்லை என்பதால், எந்தத் தனியார் சேவையில் அனுப்புவது என்று நிறுவனத்திடமே கேளுங்கள். கனடாவில் வாழ்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. புவியீர்ப்பாலோ கையை வீசுவதாலோ தானே திறந்துகொள்ளும் கத்தி, அந்நாட்டுக் குற்றவியல் சட்டப்படி தடை செய்யப்பட்ட ஆயுதம். டொராண்டோவில் உள்ள ஒருவர் பழுது நீக்க அனுப்பிய கத்தி, புதிய வாஷர்களோடு வழுவழுப்பாகத் திறக்கும் நிலையில் திரும்பி வரும்போது, எல்லைச் சுங்கத்தில் சோதிப்பவர் மணிக்கட்டை ஒரு முறை வீசிப் பார்த்து அது திறந்துவிட்டால் கத்தி திரும்பக் கிடைக்காது. பாகத்தை வரவழைத்துக்கொள்ள முடிந்தால் எல்லை கடந்து கத்தியை அனுப்பாமல் இருப்பதே நல்லது. அனுப்பியே தீர வேண்டுமென்றால், பழுது நீக்கித் திரும்பி வரும் பொருள் என்பதைச் சுங்கப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள், வெளியே போனதற்கான ஆவணத்தையும் வைத்திருங்கள். இல்லாவிட்டால் உங்கள் சொந்தக் கத்திக்கே இறக்குமதி வரி கட்ட நேரும்.

எட்டாம் படி: திரும்பி வந்ததும் சோதியுங்கள்

பெட்டியைப் பிரித்த அன்றே பார்த்துவிடுங்கள். அலகை மூடியபோது அது இரு தகடுகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். திறந்து, பக்கவாட்டிலும் மேலும் கீழும் மெதுவாக அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. முதுகுப் பக்கம் அழுத்தினால் பூட்டு நகரக் கூடாது. மூடிய கத்தியைத் தலைகீழாகப் பிடித்து இலேசாகக் குலுக்கினால் அலகு வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. புதிய அலகு பொருத்தப்பட்டிருந்தால் பூட்டுப் பட்டை முன்பைவிடக் குறைவான தூரமே ஏறி நிற்பது இயல்பு. பயன்பாட்டில் அது சற்று உள்ளே நகர்ந்து நிலைபெறும். குறை கண்டால் அந்த வாரமே எழுதுங்கள். தாங்கள் செய்த வேலையில் உள்ள குறையைச் சரிசெய்ய இரண்டாம் முறை அனுப்பும் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும் என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

ஒன்பதாம் படி: இல்லை என்று சொல்லிவிட்டால்

மறுப்பு எந்தக் காரணத்தால் வந்தது என்று பாருங்கள். கத்தி போலி என்பது காரணமானால் அங்கேயே முடிந்துவிட்டது. செபென்சாவுக்கும் எக்ஸ்எம்-18க்கும் போலிகள் ஏராளம், அவற்றுக்கு யாரும் பாகம் தர மாட்டார்கள். தவறான பயன்பாடு என்பது காரணமானால், கட்டணத்துக்குச் செய்து தருவீர்களா என்று கேளுங்கள். உத்தரவாதத்தை மறுப்பவர்கள் வேலையையும் மறுப்பதாகப் பொருளில்லை. மாடல் நிறுத்தப்பட்டதால் பாகம் இல்லை என்பது காரணமானால், அதற்குப் பொருந்தும் வேறு மாடலின் பாகம் உண்டா என்று கேட்கலாம். திருகுகளும் கிளிப்களும் பல மாடல்களுக்குப் பொதுவாக இருப்பது வழக்கம். அதுவும் இல்லையென்றால், மடக்குக் கத்திகளைப் பழுது பார்க்கும் தனிக் கைவினைஞர்கள் வாஷர், தூண், முளை ஆகியவற்றைக் கடைந்து தருவார்கள். பூட்டை மட்டும் யாரிடம் கொடுக்கிறோம் என்று நன்றாகப் பார்த்தே கொடுக்க வேண்டும்.

இன்னும் விற்பனையில் இருக்கும் மாடல் உங்களிடம் இருந்தால், எதுவும் உடையாத இப்போதே ஒரு கிளிப்பையும் ஒரு திருகுத் தொகுப்பையும் வாங்கி, மாடல் பெயரும் வாங்கிய தேதியும் எழுதிய ஒரு சிறு உறையில் போட்டுக் கத்தியின் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். புதிதாக வாங்கவிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் நிறுவனத்துக்கு ஒரே ஒரு கேள்வியை எழுதிப் பாருங்கள்: இந்த மாடலின் அலகு முறிந்தால் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு மாற்றித் தர உங்களால் முடியுமா? வரும் பதிலை ரசீதோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். பதிலே வராவிட்டால் அந்தப் பணத்தை வேறு பட்டறைக்குக் கொடுங்கள்.